பெயரடைவு, மர்பி டவுன்

காலையில் சைக்கிளில் கிளம்பினால்
இருட்டுமுன் கடந்துவிடக்கூடிய ராஜ்ஜியம்.
அயர்லாந்தின் நடுவில், பாதிக்குமேல் சேறு.
நானூறு வருடத்தில் முப்பத்தெட்டு அரசர்கள்.
எனக்குப் பதினொரு நாள் கெடு.

பக்கம் நாற்பத்தொன்று: சகோதரனால் கொல்லப்பட்டான்.
நாற்பத்து நான்கு: அந்தச் சகோதரன், இவன் மகனால்.
ஐம்பத்திரண்டு: படுக்கையில் இறந்தான்!
ஆச்சரியக்குறி நூலாசிரியர் போட்டது.
நடைக் கையேட்டின்படி நீக்கினேன்.

கொள்ளுத்தாத்தா ஆண்டிருந்தால் நீயும் கேட்கலாம்.
அதற்கும் ஒரு தலைமுறை தள்ளிப்போனால்
மாடு எண்ணலாம், பிறர் மாடு.
உடலில் குறையுள்ளவன் ஆளக்கூடாதாம்;
எனவே கொல்ல மனம்வராத தம்பிமார்
கண்ணை மட்டும் எடுத்தார்கள்.
'இரக்கம்' என்று தலைப்பு வைக்கலாமா
என்று கொஞ்சநேரம் கர்சரைப் பார்த்திருந்தேன்.
'குருடாக்கல்' என்றே போட்டேன்.
ஒன்பது பக்க எண்கள்.

எல்லோரும் இன்னான் மகன், இன்னான் பேரன்.
பத்து எழுத்து எழுதி மூன்றை மட்டும் உச்சரிக்கிற பெயர்கள்.
எங்கள் வீட்டிலும் அப்பா ஓரெழுத்தாய்
எனக்கு முன்னால் நின்றவர்தான்.
குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று
அவரை இழுத்துப்போய்ப் பின்னால் நிறுத்தினார்கள்.
சம்பளச் சீட்டில் நான்
மிஸ் தணிகைவேலு.

புதன் மாலை நாலரை. கரண்ட் போய்
யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
ஆய்த் என்றொருவன், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
சதுப்பில் வெட்டுப்படுகிறான்.
ஆய்த் என்றொருவன், அடுத்த பக்கத்தில், அதே வருடம்
மடத்துக்குப் போய் முடி மழித்துக்கொள்கிறான்.
இருவரும் ஒருவரா என்று எழுதிக் கேட்டேன்.
பேராசிரியரிடமிருந்து ஒரே வரி:
யாருக்கும் தெரியாது, நீங்களே முடிவு செய்யுங்கள்.

"ஒந்தே என்ட்ரி மாடி, சிம்பிள்" என்றார் சோமண்ணா,
டீயில் விழுந்த பிஸ்கட்டை ஸ்பூனால் துழாவியபடி.
நான் என்ட்டரைத் தட்டினேன்.
முதலாம் ஆய்த். இரண்டாம் ஆய்த்.
ஓர் அரசனைப் பெற்றேன், வலியில்லாமல்,
அல்சூருக்குப் போகும் கடைசி ஃபீடர் பஸ்ஸைத் தவறவிட்டு.

அதன்பிறகு கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது.
நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒருத்தி.
மூன்று அரசர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்தவள்,
மூவரையும் புதைத்தவள்.
துறவிகள் பெயர் எழுதவில்லை.
பெயரில்லையேல் பதிவில்லை என்பது விதி.
டி வரிசையில், டொன்னகத்துக்குச் சற்று மேலே,
'மகள், பெயரற்ற' என்று அவளை உட்காரவைத்தேன்.
யாரும் கவனிக்கமாட்டார்கள்.
பெயரடைவை யார் படிக்கிறார்கள்?

ஒன்பதாம் நாள் முர்கத் வந்தான்.
கடல் வீரன் என்று பொருளாம்.
ஆறாம் அடிக்குறிப்பு: இப்பெயரே தேய்ந்து
பிற்காலத்தில் மர்பி ஆயிற்று.

நான் தினமும் இறங்கும் ஸ்டாப்.
ரேஷன் கார்டில், கேஸ் புக்கில்,
தண்ணீர் லாரிக்காரனிடம் போனில் கத்திக் கத்தி
முப்பது வருடமாய் நான் சொல்லும் பெயர்.
கடலே இல்லாத ஊரில்
ஒரு கடல் வீரனின் பிள்ளைகள்:
கோழிக்கடை ஜெபமாலை, தையல் ரஹமத்துல்லா,
மாரியம்மன் கோவில் ஸ்பீக்கர்காரர், நான்.
ஆட்டோக்காரரிடம் அன்று சொல்லிப் பார்த்தேன்,
"முர்கத் டவுன் போகணும்."
"அது எலக்ட்ரானிக் சிட்டி பக்கமா?" என்றார்.

கீழ்வீட்டு அண்ணன் தம்பி
நடுச்சுவர் விவகாரத்தில் ஆறு வருடமாய்ப் பேசுவதில்லை.
படியேறும்போது இருவரையும் நின்று பார்த்தேன்.
நான்கு கண்களும் பத்திரம்.

திருத்தப்படி திரும்பி வந்தது.
முப்பத்தொன்பது அரசர்கள், ஆட்சேபணை இல்லை.
பெயரற்றவளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை,
இருந்த இடத்தில் இருந்தாள்.
ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும்,
படுக்கையில் இறந்தவனுக்கு,
ஆச்சரியக்குறியைத்
திரும்பப் போட்டிருந்தார்.